ஒரே ஆள் சபை

லிஃப்ட்காரருக்குப் பேச்சு வராது. ஊமை என்று நினைத்துவிட வேண்டாம்; பேச வேண்டிய அவசியம் அவருக்கு அதிகம் வாய்க்கவில்லை, அவ்வளவுதான். பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை ஒரு முக்காலியில் உட்கார்ந்து பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தார். ஏறுகிறவர்கள் பேசிக்கொண்டே ஏறுவார்கள், பேசிக்கொண்டே இறங்கிப் போவார்கள். ஒருத்தருடைய மகளின் கல்யாணப் பேச்சு மூன்றாவது மாடியில் ஆரம்பித்து ஏழாவது மாடியில் அறுந்து விழும். மாப்பிள்ளை வீட்டார் சம்மதித்தார்களா இல்லையா என்று அவர் கேட்டதில்லை. முகத்தை மட்டும் கவனமாகக் கேட்கிற மாதிரி வைத்துக்கொள்வார். நாளாக ஆக அந்த முகமே அவருக்கு நிலைத்துவிட்டது.

வீட்டில் மனைவி பேசுவாள். இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். "இன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு கேளுங்களேன்" என்பாள். அவர் கேட்க வாயெடுப்பதற்குள் பாதிக் கதை முடிந்திருக்கும். பிள்ளைகள் இல்லை. அது ஒரு குறையாக அவருக்குத் தெரிந்ததில்லை, ஏனென்றால் வீடு எப்போதும் நிறைந்துதான் இருந்தது.

அவள் போன பிறகு வீட்டில் சத்தம் போடுகிற பொருள் என்று பார்த்தால் குளிர்சாதனப் பெட்டி ஒன்றுதான் மிச்சம். அதுவும் இடையிடையே நின்றுவிடும். நின்றதும் யாரோ பேச்சை நிறுத்தியதுபோல அவர் நிமிர்ந்து பார்ப்பார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அவர் தவறாமல் போகத் தொடங்கியதற்குக் காரணம் பக்தி என்றால் அது பாதி உண்மைதான். அங்கே ஒருத்தர் எழுந்து நின்று வெகுநேரம் அவரைப் பார்த்துப் பேசினார். அந்த வசதி வேறெங்கும் இல்லை. அவர் முன்வரிசைப் பக்கமாக உட்கார்ந்து, வழக்கமான முகத்தோடு கேட்டுக்கொண்டிருப்பார். ஆராதனை முடிந்ததும் மற்றவர்கள் வாசலில் கூட்டம் கூட்டமாக நின்று பேசுவார்கள். அவர் அந்தக் கூட்டங்களுக்கு நடுவே வளைந்து நெளிந்து, யார் மேலும் இடிக்காமல் வெளியே வந்துவிடுவார்.

அந்த ஆலயத்தின் பின்பக்கத்தில் பிரசங்கப் பயிற்சி நிலையம் ஒன்று இருந்தது. போதகர் ஆக விரும்புகிறவர்களுக்கு அங்கே பிரசங்கம் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் முதல்வர் ஆலயத்தில் பேச வந்தார். பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் அவருடைய கண் லிஃப்ட்காரர் முகத்தில் வந்து விழுந்தது. அப்புறம் அங்கேயிருந்து நகரவில்லை. முடிந்ததும் ஆள் அனுப்பி அவரைத் தன் அறைக்கு வரவழைத்தார்.

அறைச் சுவர் முழுவதும் கேடயங்களும் பாராட்டுப் பத்திரங்களும் தொங்கின.

"நீங்க கேட்கிறது சாதாரணமா கேட்கிறது இல்ல" என்றார் முதல்வர். "இத்தனை வருஷமா பிரசங்கம் பண்றேன். இப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்ல. என் வீட்ல இருக்கிற முகங்களையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

லிஃப்ட்காரர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதோ, இப்பக்கூடக் கேட்கிறீங்க பாருங்க. பிரசங்கத்துல பேசுறது நாம இல்ல, ஆண்டவர். நான் வெறும் குழாய்." முதல்வர் தன் பின்னால் இருந்த கேடயங்களைக் கைகாட்டினார். "இந்தக் குழாய்க்குக் கிடைச்சதுதான் இதெல்லாம். விஷயம் என்னன்னா, எங்க மாணவர்கள் இவ்வளவு நாளா வெறும் நாற்காலியைப் பார்த்துப் பிரசங்கம் பண்றாங்க. கேட்க ஆள் இல்லாம சொல்ற வார்த்தை பிரசங்கம் ஆகாது, ஒத்திகைதான்னு இறையியல் ஆசிரியர் சொல்றார். ஒரு சபை வேணும். நீங்க வாங்க."

"ஐயா, நான் ஒரு ஆள்தானே?"

"அதைக் கமிட்டி பார்த்துக்கும்."

கமிட்டி பார்த்துக்கொண்டது. ஒரே ஒருத்தரைச் சபை என்று சொல்ல முடியாது என்று ஒரு கட்சி. எண்ணிக்கையில் என்ன இருக்கிறது, உட்கார்ந்திருக்கிற விதத்தில்தான் இருக்கிறது என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் மாலைவரை வேதத்தின் மூலமொழி அகராதிகளைப் புரட்டிவிட்டு, பயிற்சிக் காரியங்களுக்காக லிஃப்ட்காரர் சபை என்று கருதப்படுவார் எனத் தீர்மானம் போட்டன.

அதற்குப் பிறகு அங்கே யாரும் அவரை வேறு பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "சபை வந்தாச்சா?" என்பார்கள். "சபைக்கு டீ குடுத்தாச்சா?" என்பார்கள். "சபைக்கு முட்டி வலிக்குதாம், மாடி ஏற முடியல, வகுப்பைக் கீழே வைங்க" என்று ஒருமுறை அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டார்கள். சபையோடு பயிற்சிப் போதகர்கள் தனியாகப் பேசக் கூடாது என்று விதி. பழகிவிட்டால் பிரசங்கத்தின் அதிகாரம் குறைந்துவிடுமாம்.

பயிற்சிக் கூடம் நீளமான அறை. ஒரு முனையில் பிரசங்க மேடை, அதன் மேல் ஒரு டம்ளர் தண்ணீர். எதிரே வரிசை வரிசையாக இரும்பு நாற்காலிகள். நடுவில் ஒன்றில் அவர். பின்னால் சுவரோரமாக ஆசிரியர்கள் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார்கள். குரலுக்கு ஒரு மதிப்பெண், கையசைவுக்கு ஒன்று, கண்ணீருக்கு ஒன்று. மௌனத்துக்கு மட்டும் தனிப் பாடமே உண்டு. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, சபையின் நெஞ்சில் இறங்கும்வரை பிரசங்கி பேசாமல் நிற்க வேண்டும். அதை முதல்வரே சொல்லிக்கொடுத்தார். "மௌனம்தான் ரொம்பக் கஷ்டம்" என்று அவர் அந்தப் பாடத்தை மூன்று வாரம் விடாமல் பேசி நடத்தினார்.

பயிற்சிப் போதகர்களில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தவர் முன்பு காய்கறி மண்டியில் ஏலம் விட்டவர். எல்லாரும் அவரை ஏலக்காரர் என்றுதான் சொல்வார்கள். குரல் கூரையில் போய் இடித்துத் திரும்பும். மனந்திரும்ப அழைக்கிற இடம் வந்தால் பழைய தொழில் தானாக வந்துவிடும். "ஒருவர் வருகிறாரா? ஒருவர்... இரண்டாம் முறை கேட்கிறேன்... கடைசி முறை கேட்கிறேன்..." என்று கையை உயர்த்துவார். வேறு ஆள் இல்லாததால் லிஃப்ட்காரர் எழுந்து முன்னால் போவார். வாரத்தில் வகுப்பு நடக்கிற நாளெல்லாம் அவர் மனந்திரும்பினார். சில நாள் காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை.

"எல்லாரும் கண்ணை மூடுங்கள்" என்பார் ஏலக்காரர். "யாரும் யாரையும் பார்க்க வேண்டாம். தனிமையில் வாடுகிற ஒருவர் இங்கே இருக்கிறீர்கள். கையை மட்டும் உயர்த்துங்கள்."

லிஃப்ட்காரர் கையை உயர்த்துவார். அதில் அவருக்குச் சிரமம் ஒன்றும் இல்லை.

"ஆ, எத்தனை கைகள். அங்கே ஒரு கை, இங்கே ஒரு கை. பின்னால் அந்தத் தாயார், உங்களையும் பார்க்கிறேன். கையை இறக்கலாம்."

அவர் கையை இறக்கிவிட்டு, கண்ணைத் திறந்து, பின்னால் திரும்பிப் பார்ப்பார். தாயார் யாரும் இருக்க மாட்டார்கள்.

"உங்கள் பக்கத்தில் இருக்கிறவரைப் பார்த்து, நீங்கள் தனியாக இல்லை என்று சொல்லுங்கள்" என்பது எல்லாப் பயிற்சிப் போதகர்களுக்கும் பிடித்த வாசகம். முதல் நாள் லிஃப்ட்காரர் பக்கத்து நாற்காலியைப் பார்த்து விழித்தார். சொல்லவில்லை என்று சபைக்கு மதிப்பெண் குறைந்தது. மறுநாள் சொன்னார். பிறகு அந்த நாற்காலியில் மனைவி உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டார். அப்படி வைத்துக்கொண்டால் சொல்லச் சுலபமாக இருந்தது. நாள் முழுக்கக் கேட்ட பிரசங்கங்களில் அவருக்கு நினைவில் நின்றது அந்த ஒரு வாசகம்தான், அதுவும் அவரே சொன்னது.

இப்படியிருக்கும்போது உவமைப் பாடம் வந்தது. உவமை இல்லாத பிரசங்கம் ஜன்னல் இல்லாத வீடு என்றார் முதல்வர். "புத்தகத்துல இருக்கிற உவமை எல்லாம் பழசாப் போச்சு. மூழ்கின கப்பலையே எத்தனை தடவை மூழ்கடிக்கிறது? சபையில இருந்து எடுங்க. சபைன்னா துக்கம் இருக்கும். போய்க் கேளுங்க. விதியை ஒரு மணி நேரத்துக்குத் தளர்த்துறேன்."

ஏலக்காரர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு லிஃப்ட்காரர் எதிரே உட்கார்ந்தார். அவ்வளவு பக்கத்தில் யாரும் உட்கார்ந்து வெகுநாளாகியிருந்தது.

"சபைக்கு ஏதாவது துக்கம் உண்டா?"

லிஃப்ட்காரர் நாற்காலியில் நேராக உட்கார்ந்தார். இத்தனை மாதத்தில் அதை யாரும் கேட்டதில்லை.

"என் வீட்டுக்காரி போயிட்டா" என்றார்.

"எப்படி?"

அவர் மெதுவாகச் சொன்னார். இனிமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மத்தியான வேளை. அவள் கட்டிலில் படுத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு ரொம்பக் குறைந்துபோயிருந்தது. திடீரென்று, "வெளியில மேகம் கட்டுது. கொடியில துணி கிடக்கு, போய் எடுங்க" என்றாள். அப்புறம் எடுக்கலாம் என்றார் இவர். "இப்பவே போங்க, நனைஞ்சிடும்" என்றாள். போனார். இரண்டு சட்டை, அவளுடைய புடவை ஒன்று, ஒரு போர்வை, தலையணை உறைகள். தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். அவள் இல்லை.

"அருமை" என்றார் ஏலக்காரர்.

"எனக்கு ஒண்ணு கேட்கணும்" என்றார் லிஃப்ட்காரர். "அன்னையிலேர்ந்து நான் என்ன யோசிக்கிறேன்னா..."

"போதும் சபையே. இதுக்கு மேல போனா நீளமாயிடும். உவமைக்குக் கடைசி வார்த்தை வந்தாச்சு, அதோட நிறுத்திக்கணும்." ஏலக்காரர் எழுந்து நாற்காலியைப் பழைய இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

கேட்க இருந்தது இதுதான். அவள் உண்மையிலேயே துணிக்காகத்தான் அவரை அனுப்பினாளா? இல்லை, அவர் பார்க்க வேண்டாம் என்று அனுப்பினாளா? துணிக்காகத்தான் என்றால் ஏமாற்றமாக இருந்தது. பார்க்க வேண்டாம் என்றுதான் என்றால் அதைவிட வேதனையாக இருந்தது. இரண்டில் எது என்று தெரியாமல் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தார். இவ்வளவு படித்தவர்கள் இருக்கிற இடம், யாருக்காவது தெரிந்திருக்கும் என்று நினைத்தார்.

அடுத்த வாரமே அவள் பிரசங்கத்தில் வந்துவிட்டாள். முதலில் வந்தபோது கொடியில் கிடந்த துணி நீதியின் வஸ்திரமாகியிருந்தது. மழை நியாயத்தீர்ப்பாகியிருந்தது. தலையணை உறைகளை நீக்கிவிட்டார்கள், அவற்றுக்கு ஆவிக்குரிய பொருள் கிடைக்கவில்லை. இன்னொரு பயிற்சிப் போதகர் அவளைப் பாட்டுப் பாடவைத்தார். அவளுக்குப் பாடவே வராது; குளிக்கும்போதுகூட அவள் பேசிக்கொண்டுதான் இருப்பாள். வேறொருவர், இது அம்மாவாக இருந்தால் இன்னும் உருக்கமாக இருக்கும் என்று அவளை அம்மாவாக்கினார். அந்த வகுப்பில் லிஃப்ட்காரர் தன் மனைவிக்கு மகனாக உட்கார்ந்து கேட்டார்.

கேட்டுக் கேட்டு ஒரு விபரீதம் நடக்க ஆரம்பித்தது. வீட்டில் தனியாக இருக்கும்போது அவள் கடைசியாகச் சொன்னதை நினைத்துப் பார்த்தால் ஏலக்காரருடைய குரல் வந்தது. 'இப்பவே போங்க' என்று அவள் சொன்ன அந்த எரிச்சல் தொனியைப் பிடிக்க முடியவில்லை. அதற்குப் பதிலாகக் கூரையில் இடிக்கிற குரல்.

பயிற்சிப் போதகர்களில் ஒரே ஒரு பெண் இருந்தார். பல வருஷம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்தவர், நர்ஸம்மா என்றார்கள். குரல் எடுபடாது. கையை அசைக்கச் சொன்னால், ஏந்தியிருக்கிற தட்டு சாய்ந்துவிடும் என்பதுபோல அசைக்காமலே நிற்பார். அவருடைய முறை வந்தபோது அதே உவமையைத்தான் எடுத்தார். எல்லாரும் அதை ஏலக்காரரிடமிருந்துதானே கேட்டிருந்தார்கள்.

"அந்தக் கணவர் துணியோடு உள்ளே வந்தார்" என்றார் நர்ஸம்மா. "மனைவி கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். 'போர்வையை இங்க குடுங்க, நீங்க மடிச்சா மூலைக்கு மூலை சேராது' என்றாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து மடித்தார்கள்."

லிஃப்ட்காரர் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார். அவர் மடித்தால் மூலை சேராது என்பது உண்மை. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் எத்தனையோ கணவன்மார் போர்வை மடிப்பதை நர்ஸம்மா பார்த்திருக்க வேண்டும்.

"அந்த இடத்தை இன்னொரு தடவை சொல்ல முடியுமா?" என்றார்.

சபை பேசியது நிலையத்தின் வரலாற்றில் அதுவே முதல் தடவை. நர்ஸம்மா ஆசிரியர்களைப் பார்த்தார். பிறகு இன்னொரு தடவை சொன்னார். மனைவி இன்னொரு தடவை எழுந்து உட்கார்ந்தாள். அன்று லிஃப்ட்காரர் வீட்டுக்குப் போகும் வழியில் ரொட்டி வாங்கினார், பசித்துச் சாப்பிட்டார்.

மறுநாள் கமிட்டி கூடியது. சபை முன்னிலையில் கூட வேண்டும் என்று ஒரு விதி இருந்ததால் அவரையும் உட்காரவைத்தார்கள்.

"இது எந்த உயிர்த்தெழுதல்?" என்று இறையியல் ஆசிரியர் கேட்டார். "அந்த அம்மாவை எழுப்புறதுல எனக்கு ஆட்சேபனை இல்ல. எல்லாரையும் எழுப்புற நாள்ல எழுப்பட்டும். ஒருத்தரை மட்டும் முன்கூட்டியே எழுப்பிட்டா மத்த குடும்பங்களுக்கு நாம என்ன பதில் சொல்றது?"

"எழுந்ததும் துதிக்கவே இல்லையே" என்றார் குரல் பயிற்சி ஆசிரியர். "நேரா போர்வை மடிக்கிறாங்க. உயிர்த்தெழுந்த பிறகும் வீட்டு வேலைன்னா யாருக்குத்தான் வர மனசு வரும்?"

நர்ஸம்மா எழுந்து நின்றார். "ஐயா, நான் இறையியலா யோசிக்கல. ஆஸ்பத்திரியில நிறையப் பேர் செத்துப் பார்த்துட்டேன். ஒருத்தராவது எழுந்து உட்காரட்டும்னு தோணிச்சு."

"தோணினதைச் சொல்றதுக்குப் பேரு பிரசங்கம் இல்லம்மா" என்று முதல்வர் கனிவாகச் சொன்னார். "மக்கள் துக்கத்தோட வர்றாங்க. அந்தத் துக்கத்தை நாம பத்திரமா வச்சிருந்து அடுத்த வாரமும் அவங்களை வரவைக்கணும். நீங்க பாட்டுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பிட்டா எப்படி?"

ஓட்டெடுப்பு நடந்தது. பெரும்பான்மையோர் அவள் இறந்தே இருக்கட்டும் என்று கையை உயர்த்தினார்கள். லிஃப்ட்காரரும் தன் கையைப் பாதி உயர்த்தினார், எந்தப் பக்கம் என்று அவருக்கே தெரியாது.

"சபைக்கு ஓட்டு இல்ல" என்றார் முதல்வர். "சபைக்காகத்தானே நாம ஓட்டுப் போடுறோம்."

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனபோது இரண்டாம் முறை அடக்கம் பண்ணிவிட்டு வந்ததுபோல இருந்தது. முதல் முறைக்காவது நாலு பேர் கூட நடந்து வந்தார்கள்.

நர்ஸம்மாவை நிலையத்தின் ஆண்டுப் பிரசங்கப் போட்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவர் அப்புறம் வகுப்புக்கு வரவில்லை.

ஆண்டுப் போட்டி பெரிய மண்டபத்தில் நடந்தது. ஊரிலுள்ள சபைகளிலிருந்தெல்லாம் ஜனங்கள் வந்து நிறைந்திருந்தார்கள். மேடைக்கு எதிரே நடுவர்கள். அவர்களுக்குப் பின்னால் லிஃப்ட்காரருக்கு ஓர் இடம். இருபுறமும் ஆள் இருக்க அவர் உட்கார்ந்தது நெடுநாளைக்குப் பிறகு அன்றுதான். இடதுபுறத்து அம்மாள் மிட்டாய் ஒன்று கொடுத்தாள். அவர் அதைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக ஏலக்காரர் மேடை ஏறினார். மண்டபத்துக்காகக் கதையை நன்றாகச் செப்பனிட்டு வந்திருந்தார். கணவன் இப்போது குடிகாரன். மனைவி சாகக் கிடக்கிறாள். கொடியில் கிடந்த துணியை அவன் எடுத்துக்கொண்டு போவது விற்றுக் குடிப்பதற்காக. அவள் சாகும்போதும் அவனுக்காகப் பாடுகிறாள். ஜனங்கள் மூக்கைச் சிந்தினார்கள். இடதுபுறத்து அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு லிஃப்ட்காரரிடம் குனிந்து, "இப்படிப்பட்டவன் எல்லாம் உருப்படுவானா, சொல்லுங்க" என்றாள்.

லிஃப்ட்காரர் எழுந்து நின்றார்.

எழுந்த ஆளைக் கண்டதும் ஏலக்காரர் முகம் மலர்ந்தது. "ஒருவர் எழுந்திருக்கிறார். ஒருவர்... இரண்டாமவர் யார்?" என்று சொல்லிக்கொண்டே மைக்கோடு இறங்கி வந்தார். வழக்கமாக முன்னால் வருகிற ஆள்தானே என்று மைக்கை அவர் வாய்க்கு நேரே பிடித்தார். "சொல்லுங்கள் ஐயா. உங்கள் பாவம் என்ன?"

"அவர் குடிக்க மாட்டார்" என்றார் லிஃப்ட்காரர்.

அவருடைய குரல் மண்டபத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் அவருக்கே திரும்பி வந்தது. "ஆமென்" என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள்.

"அது நான்தான். அவ என் வீட்டுக்காரி. பாடவெல்லாம் இல்ல. துணியை எடுக்கச் சொன்னா, நான் அப்புறம்னேன், இப்பவே போங்கன்னா. கோபமா சொன்னா. திரும்பி வர்றதுக்குள்ள போயிட்டா. எனக்கு ஒண்ணுதான் தெரியணும். நீங்கல்லாம் படிச்சவங்க. துணி நனைஞ்சிடும்னுதான் அனுப்பினாளா? இல்ல, நான் பார்க்கக் கூடாதுன்னு அனுப்பினாளா?"

ஏலக்காரர் வாயைத் திறந்தார். மூடினார். அவருக்குத் தெரிந்த வாசகங்களில் எதுவும் இந்த இடத்தில் பொருந்தவில்லை. நடுவர்களைப் பார்த்தார். நடுவர்கள் அவரைப் பார்த்தார்கள். மண்டபத்தில் ஒரு குழந்தைகூட இருமவில்லை. அந்த மௌனம் அப்படியே நின்றது, நின்றது, நின்றுகொண்டேயிருந்தது. லிஃப்ட்காரர் இரண்டு பக்கமும் முகங்களைப் பார்த்தார். எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பதில் சொல்ல யாரும் இல்லை. அவர் உட்கார்ந்துவிட்டார்.

மௌனத்துக்கு முழு மதிப்பெண் போட்டார்கள். நிலையம் தொடங்கிய காலத்திலிருந்து இவ்வளவு நீளமான, இவ்வளவு ஆழமான மௌனத்தை எவரும் கையாண்டதில்லை என்று தலைமை நடுவர் அறிவித்தார். ஏலக்காரருக்கு முதல் பரிசு. கேடயத்தை வாங்கும்போது அவர் லிஃப்ட்காரர் இருந்த பக்கம் பார்க்கவில்லை.

கூட்டம் கலைகிறபோது முதல்வர் நடைக்கூடத்தில் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"சபை இன்னிக்கு வரம்பு மீறிடுச்சு. பரவாயில்ல, நல்லா அமைஞ்சுது" என்றார். "அடுத்த வருஷமும் அதே இடத்துல எழுந்திருக்கணும். கேள்வியை மட்டும் கொஞ்சம் சுருக்கிக்கலாம். 'நீங்கல்லாம் படிச்சவங்க'ன்னு சொன்னீங்களே, அதை அப்படியே வச்சுக்குங்க. அந்த இடத்துல எனக்கே கண்ணு கலங்கிடுச்சு."

"ஐயா, அதுக்குப் பதில்?"

"பதில் சொல்லிட்டா மௌனம் கெட்டுப்போயிடுமே."

லிஃப்ட்காரர் மிட்டாயைச் சட்டைப் பைக்குள் போட்டார். "நான் இனிமே வரல" என்றார்.

முதல்வருக்குப் புரியவில்லை. "வராம? வீட்ல யார் இருக்கா உங்களுக்கு?"

"யாரும் இல்ல."

"அப்புறம்?"

"அங்க போய் இருக்கேன்."

முதல்வர் அவர் தோளில் கைவைத்து, கண்ணை மூடிக்கொண்டு தனிமையைப் பற்றி மூன்று குறிப்புகளில் பேச ஆரம்பித்தார். இரண்டாவது குறிப்பில் கண்ணைத் திறந்து பார்த்தபோது எதிரே ஆள் இல்லை. இருந்தும் மூன்றாவதையும் சொல்லி முடித்ததாக அந்தப் பக்கமாகப் போன தரை கூட்டுகிறவர் பிற்பாடு சொன்னார்.

மண்டபத்துக்கு வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பேருந்து நிறுத்தத்தில் நர்ஸம்மா நின்றிருந்தார். பின்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். லிஃப்ட்காரர் தனியாகப் பேசக் கூடாது என்ற விதியை நினைத்துக்கொண்டு சற்றுத் தள்ளியே நின்றார். நர்ஸம்மாவே பக்கத்தில் வந்தார்.

"இப்படி ஒரு கேள்வி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க. எங்ககிட்ட கதையை மட்டும்தான் சொன்னாங்க."

"அதனால என்ன" என்றார் அவர்.

"ஆஸ்பத்திரியில இதை நிறையப் பார்த்திருக்கேன். பகலும் ராத்திரியுமா பக்கத்துலயே உட்கார்ந்திருப்பாங்க. டீ குடிச்சிட்டு வரலாம்னு எழுந்து போவாங்க பாருங்க, அந்த நேரத்துல கட்டில்ல இருக்கிறவங்க போயிடுவாங்க. ஏன்னு எனக்குத் தெரியாது. டாக்டருங்களைக் கேட்டிருக்கேன், அவங்களுக்கும் தெரியல."

"அப்போ எதுக்காக அனுப்பினான்னு..."

"தெரியாதுங்க."

லிஃப்ட்காரர் தலையாட்டினார். பதில் என்று பார்த்தால் அதில் ஒன்றுமில்லை. ஆனாலும் அத்தனை மாதத்தில் கேட்ட கேள்விக்குக் கிடைத்த முதல் பதில் அது. இரண்டு பேரும் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வண்டிகள் போயின.

"துணி நனைஞ்சுதா?" என்று நர்ஸம்மா கேட்டார்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"இல்ல" என்றார். "மழையே வரல. மேகம் அப்படியே கலைஞ்சு போச்சு. சாயங்காலம் நல்ல வெயில்."

"அவங்க சொன்னா இப்படித்தான் உடனே செய்யணுமோ?"

"உடனே செய்யணும்." அவருக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "அவ சுபாவம் உங்களுக்குத் தெரியாது. மேகத்தைப் பார்த்தாலே ஆகாது. கல்யாணமான புதுசுல ஒரு தடவை..."

நிறுத்திவிட்டு அவர் நர்ஸம்மாவின் முகத்தைப் பார்த்தார். போதும் என்று சொல்வாரோ என்று பார்த்தார். அப்போது நர்ஸம்மாவுடைய பேருந்து வந்து நின்றது. நடத்துனர் படியில் நின்று, ஏறுகிறீர்களா என்று கேட்டார். நர்ஸம்மா அடுத்ததில் வருவதாகக் கைகாட்டிவிட்டு நிறுத்தத்துப் பலகையில் உட்கார்ந்தார்.

"சொல்லுங்க" என்றார்.

அதற்குப் பிறகு வந்த பேருந்தும் நின்றது, ஆள் ஏற்றியது, போனது. லிஃப்ட்காரர் இன்னும் கல்யாணமான முதல் வருஷத்தைத் தாண்டவில்லை.